துருக்கி ரோபோவுக்கு நான் குரல் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் ஒரு சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று வந்த பக்கத்து வீட்டுப் பெண், கல்லூரியில் படிப்பவள், ஒரே ஒரு காம்பைக் கையில் பிடித்தபடி முக்கால் மணி நேரமாகப் போனில் ஏதோ சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். போனுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் "தமாம்" என்றது. நான் தலை நிமிராமல், "சரிங்கிறான்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண்குரல் "யவாஷ், யவாஷ்" என்று பதறியது. "மெதுவா, மெதுவாங்கிறா" என்றேன்.

அவள் படத்தை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அத்தை, ஒங்களுக்குத் துருக்கி பாஷை தெரியுமா?"

"ஒரு நாப்பது வார்த்தை தெரியும். அதுல முப்பது பாத்திரம் பண்டம்."

அவள் நம்பவில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெரம்பலூர் டவுனில் கேபிள் இணைப்பு வைத்திருந்த அத்தனை வீட்டிலும், துருக்கி தேசத்து ரோபோ ஒன்று என் குரலில்தான் பேசியது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம். அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, பிறகு சேர்த்து, மறுபடி எப்போது பிரிப்பார்கள் என்று ஜனங்கள் டீக்கடையில் விவாதித்துக்கொண்டிருந்த காலம். நான் பி.ஏ. முடித்துவிட்டு, மூன்று வருஷமாகக் கல்லங்குறிச்சிப் பக்கமிருந்து தினமும் பஸ் மாறிப் பெரம்பலூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். வழியெல்லாம் சிமெண்ட் லாரி. ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் சந்தோஷப்படுவேன். இறங்கும்போது பார்த்தால் தலை நரைத்துப்போன கிழவி மாதிரி இருப்பேன். அந்தத் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு நான் செய்த வேலை என்ன தெரியுமா? உள்ளூர் கேபிள் சேனலில் அறிவிப்பாளர். பிறந்தநாள் வாழ்த்து, காதணி விழா வாழ்த்து, பாத்திரக்கடை விளம்பரம், காணாமல் போன பசுமாடு, எல்லாம் என் வாயால்தான். மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலை கேட்டால் கடைக்காரம்மா, "டிவியில பேசுற புள்ளதானே?" என்று குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். விலை மட்டும் குறைக்கமாட்டார்.

சேனல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. சத்தம் உள்ளே வராமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். ஒரு டிவி, ஒரு விசிடி பிளேயர், இரண்டு மைக், தலைக்கு மேலே ஊஞ்சலாடும் ஒயர்கள். முதலாளி செல்வராசு அண்ணன். நல்ல மனுஷன், ஆனால் எதைச் செய்தாலும் அது உலகத்திலேயே முதல்முறையாக நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவார். புதுத் தமிழ்ப் படங்களைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டிருந்தவரை ஸ்டேஷனில் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போடுவதற்கு ஒன்றுமில்லாமல், ஏற்கெனவே நாலு தடவை போட்ட தேர்த்திருவிழாவையே மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் சலீம் பாய் படியேறி வந்தார்.

பதினோரு வருஷம் ரியாத்தில் ஒரு துருக்கிக்காரக் கட்டுமானக் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஒல்லியான ஆள். மடித்து விட்ட முழுக்கைச் சட்டை, அத்தர் வாசனை, யாரைப் பார்த்தாலும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் பேசுவார். அவர் மனைவி ரஹ்மத் அக்காவை எனக்கு ஏற்கெனவே தெரியும். மகள் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் வாழ்த்து எழுதிக் கொண்டுவந்து தருவார். "இப்படிக்கு, ரியாத்தில் ஆபீசராகப் பணிபுரியும் தந்தை" என்ற வரியை நான் கொஞ்சம் அழுத்தி வாசிக்க வேண்டும் என்பார். ஏசி ரூம், துருக்கிக்காரர்களோடு சரிக்குச் சமமாகத் துருக்கி பாஷையிலேயே பேச்சு என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

பாய் கையில் ஒரு விசிடி. உறையில் பெரிய மீசை வைத்த ஒரு ஆள், தலையில் சல்லடையைக் கவிழ்த்துக்கொண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே நின்றிருந்தான்.

"அண்ணே, துருக்கிப் படம். சிரிப்புப் படம். ஊருக்கு வந்துட்டுப் போறப்ப கேம்ப் சமையக்காரன் ஹசனுக்கு நம்ம ஆண்டிமடம் முந்திரி ஒரு கிலோ கொண்டுட்டுப் போனேன். அதுக்குப் பதிலா இதக் குடுத்தான். கேம்ப்ல முந்நூறு பேரு உக்காந்து பாத்தானுங்க, சிரிச்சுச் சிரிச்சு ஒருத்தன் பெஞ்சோட கவுந்துட்டான்."

போட்டுப் பார்த்தோம். ஒரு மினிபஸ் டிரைவர், பயணிகளோடு வழிதவறி ஒரு பறக்கும் கப்பலுக்குள் பஸ்ஸை விட்டுவிடுகிறான். கப்பல் வேற்றுக் கிரகத்துக்குப் போய்விடுகிறது. அமெரிக்காக்காரன் கோடி கோடியாய்க் கொட்டி எடுக்கிற விண்வெளிப் படங்களைக் கிண்டல் பண்ணுவதற்காகவே எடுத்தது என்று பாய் விளக்கினார். அதனால்தான் கப்பல் தெர்மாகோல், ராஜாவின் கிரீடம் குக்கர் மூடி, வாள்சண்டை டியூப்லைட்டில். ரோபோ என்பது அலுமினிய பெயிண்ட் அடித்த அட்டைப்பெட்டி. உள்ளே இருந்தவரின் செருப்பு வெளியே தெரிந்தது. செல்வராசு அண்ணன் மட்டும் கடைசிவரை, "பாவம்யா, காசு பத்தாம எடுத்திருக்கான்" என்று அந்தத் தயாரிப்பாளருக்காக வருத்தப்பட்டார்.

ஆனாலும் அவர் கண் மின்னியது. "இதப் போட்டா எந்த ப்ரொடியூசர் வந்து கேப்பான்? துருக்கியிலேருந்து பஸ் புடிச்சு வரணும்." ஒரே சிக்கல், பாஷை. அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார். "பாய்க்குத் துருக்கி தெரியும். அவரு சொல்லச் சொல்ல நீ எழுதும்மா. நேரடியா நாம மூணு பேருமே தமிழ்ல பேசிப்புடுவோம்."

அன்று சாயங்காலமே திரையின் அடியில் எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது: உலகத் தொலைக்காட்சி வரலாற்றில் முதல்முறையாக, பெரம்பலூர் தமிழில் துருக்கி விண்வெளிச் சிரிப்புப் படம், மொழிபெயர்ப்பு, ரியாத் புகழ் ஆபீசர் சலீம் பாய்.

நாங்கள் வேலையில் இறங்கினோம். பாய் டிவிக்கு முன் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். நான் நீளநோட்டுடன் தரையில். ஒரு காட்சியைப் பார்ப்பார், நிறுத்துவார், கண்ணை மூடுவார், பிறகு கடகடவென்று தமிழில் சொல்வார். என்ன ஒரு சரளம்! நடுநடுவே எனக்கு வார்த்தைகளும் கற்றுக்கொடுத்தார். எக்மெக் என்றால் ரொட்டி. தபக் என்றால் தட்டு. காஷிக் என்றால் கரண்டி. சாபுக் என்றால் சீக்கிரம். புலாஷிக் என்றால் எச்சில் பாத்திரம். நான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் முணுமுணுத்துப் படிப்பேன். ஒருமுறை கண்டக்டரிடம் சில்லறைக்கு "சாபுக்" என்று சொல்லித் திட்டு வாங்கினேன்.

நாலாவது நாள் நோட்டின் மேல் டீயைக் கொட்டிவிட்டேன். எப்போதும் போல என் கைதான். மூன்று பக்கம் காணாமல் போயிற்று. மறுநாள் அந்தக் காட்சியை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னேன். பாய் பார்த்தார், நிறுத்தினார், கண்ணை மூடினார், சொன்னார். எழுதிக்கொண்டே வந்த என் பேனா நின்றுவிட்டது.

"பாய், நேத்து இந்தம்மா தம்பியக் காணோம்னு அழுவுதுன்னீங்க."

"ஆமா."

"இன்னைக்கு ஆட்டுக்குட்டி விக்கணுங்குது."

பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் முணுமுணுத்த வார்த்தைகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன. ரொட்டி, தட்டு, கரண்டி, எச்சில் பாத்திரம்.

"பாய், ஒங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தை பூராவும் அடுப்படி வார்த்தையாவே இருக்கே?"

செல்வராசு அண்ணன் ஏதோ ஒயர் அறுந்துவிட்டதென்று குரும்பலூர் போயிருந்தார். பாய் ரிமோட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"ஆபீசர்லாம் இல்ல தங்கச்சி. கேம்ப் மெஸ்ல பாத்திரம் கழுவுனேன். ஒரு வேளைக்கு முந்நூறு தட்டு. ஆரம்பத்துல வேற வேல கெடைக்கும்னு நெனச்சு அவளுக்கு ஆபீசுன்னு எழுதிட்டேன். அப்புறம் எப்புடி மாத்துறது? ஒவ்வொரு லெட்டருக்கும் ஒரு புரொமோஷன் குடுத்துக்கிட்டே வந்துட்டேன்."

"அப்ப இந்தப் படம்?"

"அவனுங்க சிரிச்சப்ப நானும் சேந்து சிரிச்சேன். ஏன் சிரிக்கிறானுங்கன்னு ஒரு எழவும் தெரியல. தெரிஞ்சுக்கணும்னு அவ்வளவு ஆச." வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். "ரஹ்மத்து தெரு பூரா சொல்லி வச்சிருக்கா. தெரிஞ்சுதுன்னா அவ வெளிய தல காட்ட முடியாதும்மா."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இன்னும் நாலு நாளில் படம். ஊரெல்லாம் அறிவித்தாயிற்று. வருஷா வருஷம் அந்த "ஆபீசர்" வார்த்தையை அழுத்தி வாசித்தவள் வேறு நான். ஆனால் திரையில் அந்த மீசைக்கார டிரைவர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றிருந்தான். என்னவோ சொல்ல வருகிறான்; என்ன என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அவனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாய்க்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"யாருக்குத் துருக்கி தெரியும் இந்த ஊர்ல?" என்றேன். "வாங்க, நாமளே எழுதிப்புடுவோம்."

அடுத்த நாலு நாள் போல ஒரு நாலு நாள் என் வாழ்க்கையில் அப்புறம் வரவில்லை. வாயசைவுக்குத் தகுந்த மாதிரி நாங்கள் கதை கட்டினோம். வேற்றுக்கிரக ராஜா பயணிகளின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொள்கிறான். அது பாய் சொன்ன யோசனை. அந்தக் கிரகத்தில் ரேஷன் கார்டு இல்லாமல் மூச்சுவிடக் கூடாது, அது என்னுடையது. ஒரு நீளமான காட்சியில் டிரைவர் ஒரு பெரிய இயந்திரத்தின் முன் நின்று வட்டவட்டமான தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் துடைத்து அடுக்குவான். பக்கத்தில் ரோபோ. அதற்கு, கப்பல் எஞ்ஜினை ரிப்பேர் செய்கிறான் என்று எழுதிக்கொண்டோம். அந்தக் காட்சியைப் பாய் வேகமாகத் தள்ளிவிட்டார். நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. பிரியாணி சாப்பிட்ட ஊர் முழுக்க டிவி முன்னால். டிரைவருக்கும் பயணிகளில் ஆண்களுக்கும் பாய். பெண்கள், குழந்தைகள், ஒரு ஆடு, ரோபோ எல்லாம் நான். ராஜா வேஷத்தை செல்வராசு அண்ணன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. படத்தின் சத்தத்தை அடைத்துவிட்டதால் பின்னணி இசை இல்லாமல் போயிற்று. அதற்கு அண்ணன் கோயில் கொட்டுமேள கேசட் ஒன்றைப் போட்டார். தெர்மாகோல் கப்பல் விண்வெளியில் தவிலோடு பறந்தது. ரோபோ குரலுக்காக நான் ஒரு எவர்சில்வர் சொம்புக்குள் வாயை வைத்துப் பேசினேன்.

பாதிப் படம் வரை எல்லாம் எழுதியபடி நடந்தது. பிறகு அந்தத் தகடு துடைக்கும் காட்சி வந்தது. நோட்டில் "எஞ்ஜின் சூடாயிருச்சு" என்று இருக்கிறது. பாய் பேசவில்லை. திரையில் டிரைவர் ஒரு தட்டைத் துடைக்கிறான், அடுத்ததை எடுக்கிறான். நான் முழங்கையால் பாயை இடித்தேன். அவர் நோட்டை மூடிவிட்டார்.

"அன்புள்ள மனைவிக்கு," என்று ஆரம்பித்தார். டிரைவரின் குரல்தான், ஆனால் அது வரைக்கும் அந்தக் குரலில் இல்லாத ஒன்று இருந்தது. "நான் இங்க நல்ல சொகம். இந்தக் கெரகத்துல என்னைய மந்திரியாப் போட்டுட்டாங்க. ஏசி ரூம் குடுத்திருக்காங்க. எனக்குக் கீழ முந்நூறு பேரு." திரையில் தட்டு மாற்றித் தட்டு. "எல்லாரும் வட்டமா, வெள்ளையா, பளபளன்னு இருப்பாங்க. நான் தொட்டாத்தான் சுத்தமாவாங்க."

செல்வராசு அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவருக்கு இது எழுதியதா இல்லையா என்று தெரியாது. திரையில் ரோபோ டிரைவர் பக்கம் திரும்பியது. நான் ஏதாவது பேசியாக வேண்டும். சொம்பை எடுத்தேன்.

"எசமான், நீ கழுவுறது பாத்திரம். ஏன் மந்திரின்னு எழுதுற?"

"உண்மைய எழுதுனா அவளுக்குச் சோறு எறங்காதுடா தகரம்."

நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். நல்லவேளை, அடுத்த வினாடியே டியூப்லைட் சண்டை வந்துவிட்டது. அண்ணன் தவிலைச் சத்தமாக வைத்தார்.

படம் முடிந்து "வணக்கம்" போட்டதுமே போன் அடிக்க ஆரம்பித்தது. ரோபோவை மறுபடி பேசச் சொல்லி ஒரு குழந்தை. துறைமங்கலத்திலிருந்து ஒரு அம்மா: "எங்க வூட்டுக்காரரும் துபாய்லதான் இருக்காரு. அவரு அங்க என்ன மந்திரின்னு இன்னைக்குக் கேக்கப் போறேன்." அண்ணன் பெருமையில் ஒரு சுற்றுப் பருத்துவிட்டார். பாய் மட்டும் மூலையில் உட்கார்ந்து மைக் ஒயரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த போனை நான்தான் எடுத்தேன். "யாரு, டிவி புள்ளையா?" ரஹ்மத் அக்கா.

"ஆமாக்கா."

"அந்த மந்திரி லெட்டரு... அது படத்துலயே இருக்கா, இவரா பேசுனாரா?"

நான் பாயைப் பார்த்தேன். அவருக்கு யார் என்று தெரிந்துவிட்டது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"அவரா பேசுனதுதாங்க்கா," என்றேன்.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அக்கா மூக்கை உறிஞ்சினார். பிறகு வந்த குரல் சண்டைக்கு வருகிற மாதிரி இருந்தது.

"பதினோரு வருசம் ஊரான் பாத்திரமெல்லாம் கழுவிருக்காரு. இந்த வூட்டுல ஒரு டம்ளர எடுத்துக் கழுவுனதில்ல. வரச் சொல்லு. மத்தியானம் ஆக்குன சட்டி பூரா அப்புடியே கெடக்கு."

"சொல்றேங்க்கா."

"அப்புறம்... கறி ஆணத்த சூடு பண்ணி வைக்கிறேன்னு சொல்லு. காலையிலேருந்து ஒண்ணுமே சாப்புடல அந்த ஆளு."

நான் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. பாய் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் நின்று, அண்ணாந்து என்னைப் பார்த்து, "தமாம்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசல் குழாயடியில் பாய் குந்தி உட்கார்ந்து பாத்திரம் துலக்குவதைத் தெருவே வேடிக்கை பார்த்ததாம். பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்ற ரஹ்மத் அக்கா, கேட்டவர்களிடமெல்லாம், "எங்க வூட்டு மந்திரி" என்றாராம். தலைகுனிவார் என்று பயந்தோமே! நான் போய்ப் பார்த்தபோது சட்டியெல்லாம் புதுசு மாதிரி மின்னியது. "ஓட்டல்காரன் தோத்தான் போ. இவ்வளவு நாளு இந்தத் திறமைய ஒளிச்சு வச்சிட்டாரே" என்று என்னிடம் பொய்க்கோபம் காட்டினார்.

ஜனங்கள் கேட்டார்கள் என்று அடுத்த மாதம் மறுபடி போடப் பார்த்தோம். யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. நோட்டில் இருந்ததைப் பேசலாம். நோட்டில் இல்லாததுதான் அந்தப் படம். பாயிடம் கேட்டதற்கு, "அது ஒருதடவ வந்துச்சு தங்கச்சி. திரும்ப வராது" என்றுவிட்டார். பிறகு விசிடியும் கீறல் விழுந்து, மீசைக்காரர் பாதியிலேயே உறைந்துபோனார். அந்தத் துருக்கிக்காரர்கள் உண்மையில் என்னதான் பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தேடிப் பார்த்தால் கிடைக்கும் என்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி ஜெயங்கொண்டம் பக்கம் வந்துவிட்டேன். அரியலூர் ஒருவழியாகத் தனி மாவட்டமாகிவிட்டது. வீட்டுக்கு வீடு டிஜிட்டல் பெட்டி வந்தது. அண்ணனின் சேனல் முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று சுருங்கி, பிறகு நின்றுபோயிற்று. போன வருஷம் பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்த மாடியைப் பார்த்தேன். செல்போன் சர்வீஸ் கடை. முட்டை அட்டைகளை உரித்த இடத்தில் கோந்துத் தழும்பு மட்டும் வட்டவட்டமாக இருந்தது. பாயும் ரஹ்மத் அக்காவும் மகளோடு திருச்சிக்குப் போய்விட்டார்களாம். யாரிடமும் நம்பர் இல்லை.

அந்தப் படத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம், பெரம்பலூரில் பாத்திரம் கழுவுகிற புருஷனுக்கெல்லாம் மந்திரி என்றுதான் பெயர். "என்னா மந்திரி, வேல முடிஞ்சுதா?" என்று குழாயடியில் கேட்பார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் பெருமை அடித்துக்கொண்டால் "லெட்டர் போடாதடா" என்பார்கள். போன வருஷம் அந்தக் கல்யாணத்துக்குப் போன அன்று பந்தி முடிந்து, கை கழுவுகிற இடத்தில் ஒரு ஆள் தன் மனைவிக்காகத் தட்டுகளை அலசிக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நானும் சும்மா இருக்காமல், "என்ன மந்திரி, சௌக்கியமா?" என்றேன்.

அவர் மரியாதையாகச் சிரித்தார். "நீங்க வேற யாரையோ நெனச்சுட்டீங்கம்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.